ஆன் ஆகாத பழைய லேப்டாப்: கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

பழைய லேப்டாப் ஒருநாள் ஆன் ஆகவில்லை என்றால் நம் ஆட்கள் செய்வது இரண்டே காரியம். பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குவது, அது சலித்ததும் கடைக்குத் தூக்குவது. கடையில் பல நேரம் திறந்துகூடப் பார்க்காமல் "மதர்போர்டு போயிருச்சு அண்ணாச்சி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போர்டு மாற்றும் விலைக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்பதால் அதோடு அது பரணுக்குப் போய்விடும். அந்த ஒரு வரியை நம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், கரண்டுக் கடையில் கிடைக்கிற, வோல்டேஜ் அளக்கும் சாதாரண மல்டிமீட்டர், பென்சில் அழிக்கிற ரப்பர். இவ்வளவுதான் சாமான்.

எங்கள் பக்கம், அதாவது செங்கோட்டை, புளியரை, மலை ஏறி அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும், இப்படிப்பட்ட லேப்டாப்களுக்குப் பஞ்சமே இல்லை. 2011-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்தது இப்போது தம்பி கையில் இருக்கும். இல்லையென்றால் கல்ஃபிலிருந்து வந்த சித்தப்பா விட்டுவிட்டுப் போனது. இரண்டுமே வயதானவை, இரண்டுமே மலையடிவார ஈரத்திலும் இடியிலும் கிடந்தவை. அதனால் நான் சொல்லப்போகிற வரிசை இந்த ஊர் நிலவரத்தையும் சேர்த்துத்தான்.

வரிசை ரொம்ப எளிது. கரண்டு சுவரிலிருந்து கிளம்பி அடாப்டர் வழியாக, சார்ஜர் பின் நுழைகிற ஜாக் வழியாக, போர்டுக்குப் போய், அப்புறம்தான் ரேம் என்கிற நினைவகப் பட்டை, திரை எல்லாம். அதே பாதையில் நீங்களும் நடந்துபோய், ஒவ்வொரு இடத்திலும் "இதுவரைக்கும் கரண்டு வந்திருக்கிறதா" என்று மட்டும் பாருங்கள். வராத இடத்தில் நில்லுங்கள். அதைத் தாண்டிப் போய் உள்ளே நோண்டுவதில் பயனில்லை.

முதலில், எந்த மாதிரி "ஆன் ஆகவில்லை"?

ஆன் ஆகவில்லை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நாலு வகை இருக்கிறது, நாலுக்கும் வைத்தியம் வேறு. ஒன்று, சார்ஜரைச் செருகினாலும் பட்டனை அமுக்கினாலும் ஒரு விளக்குகூட எரியாது, பிணம் மாதிரி கிடக்கும். இரண்டு, விளக்கு எரியும், விசிறி சுற்றும், திரை மட்டும் கருப்பு. மூன்று, ஆன் ஆகி இரண்டு மூன்று விநாடியில் அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகி, மறுபடி அணையும். நான்கு, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும்.

திரையில் கம்பெனி லோகோ வந்து, அதற்குப் பிறகு விண்டோஸ் வராமல் நிற்கிறது என்றால் அது இந்தக் கட்டுரையின் விஷயமே இல்லை. பவர் நன்றாக இருக்கிறது, கோளாறு ஹார்டு டிஸ்கிலோ விண்டோஸிலோ. அதற்காக அடாப்டரை மாற்றிக் காசை விடாதீர்கள்.

உங்களுடையது எந்த வகை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கூடவே இதையும்: கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்கும் இதற்கும் நடுவில் என்ன நடந்தது. இடி இடித்ததா, கீழே விழுந்ததா, காப்பி கொட்டியதா, ஆறு மாசம் பெட்டியில் கிடந்ததா. பாதி நேரம் பதில் அங்கேயே இருக்கும்.

அப்புறம், தொடங்கும் முன்னால் ஒரு முக்கியமான சோதனை. லேப்டாப்பை ஒரு சமமான மேசையில் வைத்து லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? டச்பேடு மேலே துருத்திக்கொண்டு இருக்கிறதா, அடிமூடி பிதுங்கியிருக்கிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைச் செருகவே வேண்டாம், அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருப்பது லித்தியம் அயான் செல், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கழற்றும் வகை என்றால் மெதுவாகக் கழற்றி வெளியே சிமெண்டுத் தரையில் தனியாக வையுங்கள். உள்ளேயே திருகி வைத்த வகை என்றால் கடைக்காரர் கழற்றட்டும்.

சுவரும் அடாப்டரும்

சிரிக்காதீர்கள், ஆனால் வேறு பிளக் பாயிண்டில் செருகிப் பார்ப்பதுதான் முதல் படி. போன் சார்ஜரை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள், ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். கல்ஃப் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த ஊர்ப் பிளக்குக்குத் தட்டையான சதுரக் கால் மூன்று, நம் ஊர் சாக்கெட்டில் நேராகப் போகாது, மலிவாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருப்பார்கள். அதன் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு நாளாக நாளாக அகன்றுவிடும், பிளக் தொளதொளவென்று ஆடும், உள்ளே பொறி பறந்து கருத்திருக்கும். பிளக்கைச் செருகும்போது சடசடவென்று சத்தம் கேட்டால் அதுதான். அடாப்டரின் சுவர்ப் பக்கத்து வயர் பெரும்பாலான மாடல்களில் தனியாகக் கழன்று வரும், நம் ஊர் மூன்று கால் பிளக் உள்ள வயரை வாங்கி மாட்டிவிட்டால் கன்வெர்ட்டரே தேவையில்லை.

இரண்டு கால் கன்வெர்ட்டர் போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. எர்த் இல்லாததால் லேப்டாப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கும். அடாப்டருக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக வருகிற துளியூண்டு கரண்டு அது. மூன்று கால் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இருந்தால் போய்விடும்.

சாயங்காலம் வோல்டேஜ் குறைந்து சீலிங் பேன் சோம்பலாகச் சுற்றுகிற ஊர் நம்முடையது, அதனால்தான் ஆன் ஆகவில்லையோ என்று பலர் கேட்பார்கள். அடாப்டரின் முதுகில் இன்புட் என்று போட்டிருக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள், 100-240 வோல்ட் என்று இருக்கும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் அதற்குக் கவலையே கிடையாது. அதைக் கொல்வது கூடுதல் வோல்டேஜ்தான், அதிலும் இடி.

ஆரியங்காவிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார், ஐப்பசி மாசம். "தம்பி, நேத்து சாயங்காலம் இடி வெட்டுச்சுல்லா, அதுக்குப் பொறவு ஒண்ணுமே வரல." சார்ஜர் பிளக்கில் கிடந்ததா என்று கேட்டேன். "அது எப்பவும் அங்கனதான் கெடக்கும்." துலாமழைக் காலத்தில், அதாவது ஐப்பசி மழையில், மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் மேகம் கட்டி இடி இறங்குவது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் டிவி பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் லேப்டாப் சார்ஜரை மறந்துவிடுகிறார்கள். அவருடைய அடாப்டரைக் காதருகில் வைத்து ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அடாப்டர் தன்னைக் கொடுத்து அதைக் காப்பாற்றியிருந்தது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது.

அடாப்டரை எப்படிச் சோதிப்பது? அதில் சின்ன விளக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. லேப்டாப்பில் செருகாமல் சுவரில் மட்டும் போடுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் வயர் அல்லது அடாப்டர் போச்சு. எரிகிறது, ஆனால் லேப்டாப்பில் செருகிய உடனே அணைந்துவிடுகிறது என்றால் ரொம்ப உபயோகமான செய்தி அது. லேப்டாப் பக்கத்தில் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அந்த நிலையில் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி இரண்டு நிமிடம் விட்டால்தான் மறுபடி உயிர் வரும்.

விளக்கு இல்லாத அடாப்டருக்கு மல்டிமீட்டர். சிவப்பு வயர் வோல்ட் என்று குறித்த ஓட்டையில் இருக்க வேண்டும், 10 ஆம்பியர் ஓட்டையில் இருந்தால் நீங்களே ஷார்ட் செய்கிறீர்கள் என்று அர்த்தம். திருகியை நேர்கோடு போட்ட டிசி பக்கம் வையுங்கள், அலைக்கோடு போட்ட ஏசி பக்கம் அல்ல. 20 என்ற எண்ணில் வைத்தால் 19 வோல்ட் அடாப்டரைக் காட்டும், ஆனால் லெனோவோ மாதிரி 20 வோல்ட் அடாப்டர் என்றால் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் காட்டி நிற்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். 200-க்கு மாற்றுங்கள். உருண்டைப் பின் என்றால் சிவப்பு உள்பக்கம், கருப்பு வெளிப்பக்கம். டெல், எச்பி போன்றவற்றில் நட்டநடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கும், அது அடாப்டரை அடையாளம் காட்டுவதற்கான பின். அதைத் தொடாமல் உருளையின் உள்சுவரைத் தொட வேண்டும். அட்டையில் போட்ட வோல்டேஜுக்குப் பக்கத்தில் வந்தால் சரி. 12, 8 என்று வந்தாலோ எண் ஊசலாடினாலோ அடாப்டர் அவுட்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரில் வோல்டேஜ் சரியாகக் காட்டியும் அடாப்டர் கெட்டிருக்கலாம், ஏனென்றால் மீட்டர் கரண்டை இழுப்பதில்லை, லேப்டாப் இழுக்கும். பாரம் ஏறியதும் படுத்துவிடுகிற அடாப்டர்கள் உண்டு. அதனால் கடைசி வார்த்தை, அதே மாதிரி வேறொரு நல்ல அடாப்டரை மாட்டிப் பார்ப்பதுதான். இரவல் வாங்கும்போது வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். 19-க்கும் 19.5-க்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆம்பியர் பழையதுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 90 வாட் கேட்கிற லேப்டாப்பில் 45 வாட் அடாப்டரை மாட்டினால் ஆன் ஆகாமலோ, ஆகி உடனே அணையவோ செய்யும். பின் உள்ளே போகிறது என்பதற்காக எதையாவது மாட்டிவிடாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றி, மிச்ச கரண்டை வடிப்பது

இது ஒரு பைசா செலவில்லாத படி, ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்யும். லேப்டாப்பில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சிப் உண்டு, பவர் பட்டனைக் கவனிப்பதே அதன் வேலை. கரண்டு விட்டுவிட்டு வரும்போது அது ஏடாகூடமான நிலையில் மாட்டிக்கொண்டு எதற்கும் பதில் சொல்லாமல் நிற்கும். அதற்குத் தூக்கத்திலிருந்து ஒரு உலுக்கல் வேண்டும்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். பென்டிரைவ், மவுஸ், மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், அடியில் இரண்டு நழுவும் தாழ்ப்பாள் இருக்கும். பவர் பட்டனை விடாமல் அரை நிமிடத்துக்கு மேல், ஒரு நிமிடம் என்றாலும் நல்லது, அமுக்கிப் பிடியுங்கள். பேட்டரியை மாட்டாமலே சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். வந்துவிட்டால் ஒன்று சிப் உலுக்கியது பலித்தது, அல்லது பேட்டரிதான் வில்லன். பேட்டரியை மாட்டி மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். செத்த பேட்டரி உள்ளே இருக்கும்வரை ஆன் ஆகவே மறுக்கிற லேப்டாப்கள் உண்டு, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு சார்ஜரிலேயே பல வருஷம் ஓட்டுகிறவர்களும் உண்டு.

பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில், ஏசர், லெனோவோ சிலவற்றில், அடிமூடியில் ஒரு ஊசித்துளை இருக்கும், பக்கத்தில் பேட்டரிப் படம் அல்லது ரீசெட் குறி போட்டிருக்கும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நிமிர்த்திய குண்டூசியாலோ பேப்பர் கிளிப்பாலோ சில விநாடி அமுக்கினால் உள் பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்படும். மைக் துளையும் பார்க்க அப்படித்தான் இருக்கும், குறியைப் பார்த்துக் குத்துங்கள். லெனோவோவில் பக்கவாட்டில் இருக்கும் நோவோ பட்டன் வேறு, அது ரிக்கவரி மெனுவுக்கு.

மாசக்கணக்கில் பெட்டியில் கிடந்த லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டவுடன் பட்டனை அமுக்காதீர்கள். அடிமட்டத்துக்கு வடிந்த பேட்டரி முதலில் ரொம்ப மெதுவாகத்தான் ஏறும். ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் போய் வேறு வேலை பாருங்கள்.

ஜாக்

சார்ஜர் பின் போய் நுழைகிற ஓட்டைதான் ஜாக். படுத்துக்கொண்டு வயிற்றில் வைத்து சார்ஜரோடு படம் பார்க்கிற பழக்கம் உள்ள வீட்டில் இது சீக்கிரம் ஆடிவிடும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடு ஊசி நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள பிளாஸ்டிக் கருகிப் பழுப்பு வளையமாக இருக்கிறதா? சார்ஜரைச் செருகி மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் விளக்கு எரிந்து மற்றதில் அணைந்தால் சந்தேகமே வேண்டாம், ஜாக்தான். பத்து நிமிடம் கழித்துப் பின்னைத் தொட்டால் சுட்டாலும் அதேதான், லூசான இடத்தில் கரண்டு சூடாகத்தான் போகும்.

ரப்பர்பேண்டு சுற்றி, பேப்பர் மடித்துத் திணித்து ஓட்டாதீர்கள். போர்டு கருகினால் இருநூறு முந்நூறில் முடிய வேண்டியது ஆயிரங்களில் போய் நிற்கும். பல மாடல்களில் ஜாக் ஒரு குட்டி வயரோடு தனியாக இருக்கும், கழற்றி மாட்டிவிடலாம். சிலவற்றில் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருக்கும், அதற்குக் கடைதான்.

விளக்கு எரிகிறது, திரை கருப்பு

இந்த வகைக்காரர்கள் பயப்படவே வேண்டாம், கரண்டு போர்டு வரைக்கும் வந்துவிட்டது. கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்கள். அதன் விளக்கு அணைந்து எரிந்தால் லேப்டாப் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, திரைதான் பிரச்சினை. இருட்டறையில் திரைக்குப் பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகிப் பாருங்கள், அதில் வந்தால் லேப்டாப்பை மேசைக் கம்ப்யூட்டர் மாதிரி வைத்தே காலம் தள்ளலாம்.

கேப்ஸ் லாக் எதற்கும் அசையவில்லை, அல்லது ஆன் ஆகி அணைந்து மறுபடி ஆன் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் ரேம் மேல். சில மாடல்கள் பீப் ஒலியாலோ விளக்கு மினுக்கலாலோ கோளாறைச் சொல்லும், எத்தனை தடவை என்று எண்ணி அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள்.

ரேமும் நம் ஊர்ச் சாரலும்

இங்கேதான் எங்கள் ஊர்க் கதை வருகிறது. ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கு மழை எட்டிப் பார்க்கிற ஊர் செங்கோட்டை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் தண்ணீர் விழும்போது இங்கே நாள் முழுக்கச் சாரல், துவைத்த துணி காயாது, அரிசியில் பூச்சி வைக்கும், செருப்பில் பூஞ்சை பிடிக்கும். அதே ஈரம் லேப்டாப்புக்குள்ளும் போகிறது. ரேம் பட்டையின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் தங்க முலாம் பற்களில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மங்கல் படலம் ஏறிவிடும். பற்களுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவே தொடர்பு விட்டுப்போனால் லேப்டாப் ரேமே இல்லை என்று நினைத்துக்கொண்டு கருப்புத் திரையோடு நிற்கும். சீசன் முடிந்து பள்ளிக்கூட வேலைக்காக எடுக்கிறபோது இப்படி நின்றுபோன லேப்டாப்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கி வடித்துவிட்டு, கவிழ்த்து வையுங்கள். பழைய மாடல்களில் அடியில் சின்ன மூடி இருக்கும், ஒன்றிரண்டு ஸ்க்ரூதான். முழு அடிமூடியும் கழற்ற வேண்டிய மாடல் என்றால் ஒரு தாளில் லேப்டாப்பின் படத்தைக் கட்டம் போட்டு, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் செல்லோ டேப்பால் ஒட்டுங்கள். நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிடும். டிவிடி டிரைவுக்கு அடியிலும் ரப்பர்க் காலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவை மறக்காதீர்கள். மூடி வரமாட்டேன் என்கிறதென்றால் பலத்தைக் காட்டாமல் எங்கே ஸ்க்ரூ மிச்சம் என்று தேடுங்கள்.

ரேமைத் தொடும் முன் ஒரு இரும்பு ஜன்னல் கம்பியையோ குழாயையோ தொட்டுவிட்டு வாருங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். ரேமின் இருபுறமும் இருக்கும் உலோகக் கொக்கியை வெளிப்பக்கமாக விலக்கினால் அது தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும், அப்படியே இழுத்து எடுங்கள். வெள்ளை ரப்பரால் பற்களை இருபக்கமும் ஒரே திசையில் தேய்த்து, தூளைச் சுத்தமான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள் கூடாது, முலாம் போய்விடும். எச்சில் தொட்டுத் துடைக்கவும் கூடாது, வாயால் ஊதவும் கூடாது, இரண்டும் ஈரம்தான். திரும்பச் செருகும்போது சாய்வாகவே ஆழமாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு கொக்கியும் டக்கென்று பிடிக்கும். தங்கப் பல் வெளியே நிறையத் தெரிந்தால் முழுசாக உள்ளே போகவில்லை.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றொன்றை, அப்புறம் ஸ்லாட்டை மாற்றி. எந்தக் கூட்டணியில் வருகிறது என்று பார்த்தால் ரேம் கெட்டதா ஸ்லாட் கெட்டதா என்று தெரியும். மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம், அவசரப்பட்டு அணைக்காதீர்கள். புதிதாக வாங்குவதென்றால் டிடிஆர் 3-ஆ டிடிஆர் 4-ஆ என்று பழையதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள், ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் போகாது.

மூடி திறந்திருக்கும்போதே இன்னும் இரண்டு வேலை. ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். டிஸ்க் இல்லாவிட்டாலும் லோகோ வந்தாக வேண்டும். கழற்றியதும் வந்தால் டிஸ்க்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. இன்னொன்று, நாணயம் மாதிரி இருக்கும் சிஆர் 2032 செல், சிலவற்றில் வயரோடு கருப்புப் பிளாஸ்டிக் சுற்றி இருக்கும். நல்ல செல் 3 வோல்ட் காட்டும். பழசாகிவிட்டால் ஒவ்வொரு தடவையும் தேதி பின்னோக்கிப் போகும், சில பழைய மாடல்கள் ஆன் ஆகவும் தகராறு செய்யும். ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மாட்டினால் பல மாடல்களில் பயாஸ், அதாவது ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற புரோகிராம், அதன் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

போர்டில் எங்காவது பச்சையாகவோ வெள்ளை உப்பாகவோ பூத்திருந்தால் அது அரிப்பு. சின்ன இடம் என்றால் ஐசோபுரோப்பில் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் போதும், நன்றாக உலர்ந்த பிறகுதான் கரண்டு. மழை நாளில் எடுக்கிற லேப்டாப்பை முதலில் மூடியைக் கழற்றி ஒரு நாள் பேன் காற்றில் வைப்பது நல்லது. வெயிலில் காய வைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது, அரிசி மூட்டையில் புதைப்பது எதுவும் வேண்டாம். தண்ணீரோ காப்பியோ கொட்டியதென்றால் "வருதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்லும். கரண்டு இல்லாமல் நனைந்த போர்டு பல நேரம் பிழைத்துவிடும்.

ஓடி ஓடி அணைகிற வகை

இது பெரும்பாலும் சூடு. பத்து நிமிடம் ஓடி அணைந்து, ஆறிய பிறகு மறுபடி வந்தால் விசிறியும் அலுமினியத் தகடும் தூசியால் அடைத்திருக்கும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடியுங்கள், பிடிக்காவிட்டால் வேகமாகச் சுற்றி பேரிங் போகும். பிராசஸர் மேல் இருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகி இருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி வையுங்கள். அள்ளி அப்பினால் குளிர்ச்சி அதிகமாகிவிடாது. ஆறியும் சீக்கிரமே அணைந்தால் பேட்டரி அல்லது அடாப்டர் பக்கம் திரும்பிப் போங்கள்.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால்

கடைசியாக ஒரு சோதனை. ஒரே ஒரு ரேம், நல்ல அடாப்டர், வேறு எதுவும் இல்லாமல், பேட்டரி, டிஸ்க், டிவிடி எல்லாம் கழற்றிய நிலையில் ஆன் செய்யுங்கள். அப்போதும் ஒரு விளக்கும் இல்லையென்றால் போர்டுதான், அல்லது பவர் பட்டனிலிருந்து வரும் பட்டையான ரிப்பன் வயர். ரிப்பன் கழன்றிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு கடைக்குக் கிளம்பலாம்.

கிளம்பும் முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பவர் கோளாறு பார்க்க டிஸ்க் தேவையில்லை, உங்கள் போட்டோவும் ஆதார் நகலும் அதில்தான் இருக்கின்றன. டிஸ்கின் சாட்டா இணைப்பிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் வயர் ஒன்று வாங்கினால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், லேப்டாப் பிழைக்காவிட்டாலும்.

தென்காசியோ திருநெல்வேலியோ, மலைக்கு அந்தப் பக்கம் புனலூரோ, எங்கே போனாலும் "சிப் லெவல்" வேலை, அதாவது போர்டில் உள்ள சின்னச் சின்னப் பாகத்தையே மாற்றும் வேலை, செய்கிற கடையாகப் பாருங்கள். எல்லாக் கடையும் போர்டில் கை வைக்காது, சில கடைகள் வாங்கி இன்னொருவருக்கு அனுப்பிவிடும். காகிதத்தில் எழுதியதை அப்படியே சொல்லுங்கள்: எந்த வகை, அடாப்டரில் எத்தனை வோல்ட் வந்தது, ரேம் மாற்றிப் பார்த்தாயிற்று. இப்படிப் பேசுகிற ஆளிடம் ஒரு வரியில் முடிக்க மாட்டார்கள். பெஞ்ச் பவர் சப்ளை என்கிற, இழுக்கும் கரண்டை அளந்து காட்டும் மேசைக் கருவியில் போட்டு எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஷார்ட் என்றால் எந்த லைனில் என்று கேளுங்கள். கெபாசிட்டர் ஷார்ட், சார்ஜிங் ஐசி, பயாஸ் சிப் திரும்ப எழுதுவது, இவையெல்லாம் நியாயமான விலையில் முடிகிற வேலைகள். கிராஃபிக்ஸ் சிப்பைச் சூடு காட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம், கொஞ்ச நாளில் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். தொடும் முன் எவ்வளவு ஆகும் என்று கேட்டு, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லிவிட்டு வாருங்கள்.

உப்பிய பேட்டரி இன்னும் வெளியே சிமெண்டுத் தரையில்தான் இருக்கும். அதைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், அமுங்கும்போது தீப்பிடிக்கும். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, புது பேட்டரி வாங்கும் கடையிலோ இ-கழிவு வாங்குகிற இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.